மின்வெட்டிலும் நிற்காத கடை

பிளேன்டீயில் இஞ்சி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

2001இல் மாத்தளை டவுனில் இன்டர்நெட் கடை போட்டபோது என்னிடம் நான்கு கம்ப்யூட்டர்தான். ஆனால் நான் நான்கோடு நிற்கிற ஆள் இல்லை. நாளைக்கே சீகிரியா கைடுகளும் யட்டவத்த வியாபாரிகளும் ஈமெயில் இல்லாமல் மூச்சு விடமாட்டார்கள் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுக்கும் கரண்ட் எங்கே? நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்களுடைய திட்டம். நான் பத்துக் கம்ப்யூட்டரைத் தாங்கும் ஜெனரேட்டர் வாங்கினேன்.

வாசலில் வைத்தால் வாடிக்கையாளர் முகத்தில் புகை அடிக்கும். பின்பக்க நடையில் வைத்தேன். நடையின் பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம் ஸைனம்பு ராத்தா வாடகைக்கு இருந்தார். உடுப்புத் தைக்கும் முஸ்லிம் விதவை; அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே. தனி ஆள், ஆகவே பாதிப்புக் குறைவு. திட்டமிடுகிறவன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

புகையில் தலை சுற்றுகிறது, ஜெனரேட்டரின் புகை பைப்பை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லி இரண்டு தடவை வந்தார். மரியாதையான மனுஷி. பார்க்கிறேன் ராத்தா என்றேன். பார்க்கவும் செய்தேன். கூட்டில் அவருடைய கோழிகள் செத்துக் கிடந்தன. அந்தப் புகை என்ன செய்யும் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. அதற்காகப் பைப்பைத் திருப்பினால் கடைக்குள் யார் உட்காருவார்?

பெரியவர்கள் எதிர்பார்த்த மழை ஒரு மாலை கொட்டியது. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாரலுக்கு ராத்தா ஜன்னலைச் சாத்தியிருந்தார். கடையில் மார்கிரட் டீச்சர் இத்தாலியிலுள்ள மகனோடு சாட் பண்ணிக்கொண்டிருந்தார். பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பின்னால யாரோ தட்டுறாங்க போல, ரபாயேல்."

"ஜெனரேட்டர் அதிருது டீச்சர். நீங்க டைப் பண்ணுங்க."

இயந்திரம் அதிர்வதும் கை தட்டுவதும் எனக்கு வேறுவேறாகத்தான் கேட்டன. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அணைக்கவில்லை. தட்டல் மெதுவாகி நின்றதும், உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. கரண்ட் வந்த பிறகு போய் ராத்தாவின் கதவைத் தள்ளினேன். பலகையோரம் விழுந்து கிடந்தார்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்றிரவும் மின்வெட்டு. ராத்தாவின் தம்பி பலீல் வீட்டில் இறுதிச் சடங்குக்கு, அவர்களுடைய ஜனாஸாவுக்கு, லைட் எரிய, அந்த ஜெனரேட்டரை நானே தள்ளிக்கொண்டு போய் இலவசமாகக் கொடுத்தேன். இந்த ஊரில் வேறு யார் அவ்வளவு செய்தார்கள்?