அப்பா பார்த்த கால்

— “அப்பா, எல்லாரும் பந்தைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் அந்த ஒருத்தரோட காலையே பாக்குறீங்க?” ஆறு வயசுல டி.வி. முன்னாடி உக்காந்து நான் கேட்ட கேள்வி ஐயா இது. அந்தக் கால் உங்க கால்.

— என் காலா? ஆள் மாறி வந்திருக்கப் போற தாயி. ஏ வெர்லி, இந்தப் புள்ள சொல்றதக் கேட்டியா?

— கேட்டேண்ணே. உன் காலைப் பாக்கவும் இந்த நாட்டுல ஒரு மனுசன் இருந்திருக்கார். கூடப் பொறந்த நானே அதை ஏறெடுத்துப் பாத்ததில்ல. படகு மாதிரி ரெண்டு செருப்பு, வாசல்ல கெடந்து வர்றவங்களத் தடுக்கும். பேசிக்கிட்டே மீனத் திருப்பு. சர்ச் விருந்துக்கு வந்தவங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது.

— நீங்க அல்சீட் ஃபோன்டெனோதானே? அமெரிக்கக் கால்பந்துல ஒன்பது வருசம் முன்வரிசையில ஆடுனவர்?

— ஆடுனேன்னு சொல்லாத. ஆடுனதெல்லாம் பந்து வெச்சிருந்தவன். நான் முட்டுனேன். பந்து எறியுறவனப் போய்க் கீழ தள்ளணும், அதான் என் வேலை. அவனுக்குக் காவலா எனக்கு நேரா ஒருத்தன் நிப்பான், எருமைக்குச் சட்டை மாட்டுன மாதிரி. எதிர்ல பாத்தா அவனுக்கும் நான் அப்படித்தான் தெரிவேன்னு வெச்சுக்க. ஒன்பது வருசமும் முட்டிக்கிட்டே இருந்தோம். பந்து என்ன நெறம்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும்.

— அப்படி நேரா நின்னவங்கள்ல ஒருத்தர்தான் எங்கப்பா. ராஸ்கோ பெட்வே. நான் டெல்லா. மிசிசிப்பியிலேருந்து வர்றேன்.

— ராஸ்கோ மகளா! அதான் பாத்தேன், அதே நெத்தி. எப்படி இருக்கான் ஒங்கப்பன்?

— செவ்வாய்க்கிழமை போயிட்டார் ஐயா. நாளைக்கு அடக்கம்.

— ஆண்டவரே.

— அண்ணே, கரண்டிய இப்படிக் குடு. நீ உக்காரு. டெல்லா, நீயும் உக்காரும்மா. கெளுத்தி மீன் சூடா இருக்கு, ரெண்டு துண்டு வெக்கிறேன். வேணாங்காத. துக்க வீட்டுப் புள்ளய வெறும் வயித்தோட அனுப்புனேன்னு தெரிஞ்சா எங்க பாஸ்டர் நாளைக்குப் பிரசங்கத்தையே என் மேல பண்ணிடுவார்.

— நான் உக்காரல வெர்லி. உக்காந்தா தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும். சொல்லு தாயி, இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?

— இல்ல, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு சர்ச்சுல அப்பாவைப் பத்தி நான்தான் பேசணும். எங்கப்பா பேர் தெரிஞ்சவங்க அதிகம் இல்ல. இந்த அணியில ஒரு மாசம், அந்த அணியில ரெண்டு மாசம், நடுவுல மரம் அறுக்குற ஆலையில வேலை. அவருக்குன்னு சொல்லிக்க ஒரே ஒரு நாள்தான். டிசம்பர்ல, பனி கொட்டுற அன்னிக்கு, உங்களை எதிர்த்து ஆடுன ஆட்டம். அன்னிக்குப் பூரா நீங்க அவரைத் தாண்டவே இல்ல.

— இல்ல. தாண்டல.

— அதைப் பாத்துத்தான் அவருக்கு நிரந்தரமா எடம் குடுத்தாங்க. எங்க வீடு, என் படிப்பு எல்லாம் அந்த நாள் குடுத்தது. ஆனா எங்க சித்தப்பா நேத்து அத்தனை சொந்தக்காரங்க முன்னாடியும் சொல்றார், “ராஸ்கோவாவது அல்சீட்டை அடக்குறதாவது! பாவம் பாத்துப் படுத்துக் குடுத்திருக்கான்”னு. நீங்க ரெண்டு பேரும் மைதானத்துல தலையை ஒட்டி வெச்சு என்னமோ பேசினதை அவர் கண்ணால பாத்தாராம். யாரும் மறுத்துப் பேசல ஐயா. எனக்கும் எது உண்மைன்னு தெரியல. அப்பா பெட்டிக்குப் பக்கத்துல நின்னு நான் பொய் சொல்லக் கூடாது. அன்னிக்கு நடந்தது நிஜமா, இல்ல நீங்க போட்ட பிச்சையா?

— படுத்துக் குடுத்தேனா? நானா! வெர்லி, கேட்டியா?

— சிரிக்காதண்ணே. புள்ள அழுவுது.

— அழாத தாயி. இந்தா, இந்த விரலப் பாரு. வலது பக்கம் போன்னா இடது பக்கம் போவுது. கரண்டி புடிக்கிற நேரமெல்லாம் ஒங்கப்பனத்தான் நெனைப்பேன். அந்த டிசம்பர்ல அவன் ஒடிச்சது. படுத்துக் குடுக்குறவன் விரலயும் சேத்தா குடுப்பான்? திங்கக்கிழமை எங்க கோச் ஆட்டத்தத் திரையில போட்டார். நான் மல்லாக்க விழுந்தத மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டார். எங்க பயலுவ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுவ.

— சிரிச்சதோட போச்சா? அடுத்த வருசம் கூப்பிடவே இல்லம்மா. அந்த ஆட்டத்தோட எங்கண்ணன் மூட்டை கட்டிட்டு வீடு வந்து சேந்தாரு. ஒரு மாசம் வாசப்படிய விட்டு எறங்கல. ஏழு பேரு சோத்தத் தின்னாரு, அது வேற.

— அப்போ சித்தப்பா பாத்தது?

— பாத்தது நெசம். மாசம்தான் தப்பு. வருசத்துக்கு ரெண்டு தரம் ஒங்கப்பன் அணியோட மோதுவோம். மொத ஆட்டம் செப்டம்பர்ல. அன்னைக்கு ஒங்கப்பனச் சந்தி சிரிக்க வெச்சேன். ஏன்னா அவன் கையே அவனக் காட்டிக் குடுத்துச்சு. ஒரு கையத் தரையில ஊனிக் குனிஞ்சு நிப்போம், பாத்திருப்ப. பந்தோட முட்டிக்கிட்டு ஓடப் போறாங்கன்னா ஒங்கப்பன் விரலு புல்லுக்குள்ள பொதையும், நகமெல்லாம் வெளுத்துப் போவும். எறியப் போறாங்கன்னா கை லேசாயிடும், தூங்குற கொழந்த மேல வெச்ச மாதிரி. அவனுக்கே அது தெரியாது. நான் அதப் பாத்துப் பாத்து அடிச்சேன்.

— அதையா அப்பாகிட்ட சொன்னீங்க?

— நாங்க ஜெயிச்ச மாதிரிதான், நேரமும் முடியப் போவுது. கடைசித் தடவ கைய ஊனி நிக்கிறோம். ஊரே எந்திரிச்சு நின்னு கத்துது. “நகம் வெளுக்குது, பாத்துக்கோ”ன்னேன். அவ்வளவுதான். அத்தன ஆயிரம் பேருல ஒருத்தர் காதுலயும் விழல.

— அட கிறுக்கு மனுசா! உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியா? இத்தன வருசமா எங்கிட்ட மூச்சு விட்டியாண்ணே?

— விட்டிருந்தா இந்தக் கரண்டி அன்னைக்கே வளைஞ்சிருக்கும்.

— ஆனா ஏன் ஐயா? அப்பா உங்களுக்கு யாரு? உங்க வேலையே போகும்னு தெரியாதா?

— வேல போவும்னு நெனைக்கல. அவன் அப்படித் திருத்திக்கிட்டு வந்து நிப்பான்னும் நெனைக்கல. இருந்தாலும் சொல்லித்தான் ஆவணும். எனக்கு ஒருத்தன் சொன்னானே.

— யாரு?

— அதான் தெரியாது. அணிக்கு ஆள் எடுக்குற என் மொத முகாம். வேகாத வெயில்ல ஒரு கூட்டமே நிக்கிறோம். அதுல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்குன்னே ஒரு ஆள் உண்டு. வந்து தோளத் தொடுவான். “கோச் கூப்பிடுறார், உன் ஆட்டப் புஸ்தகத்தயும் எடுத்துக்க”ம்பான். அவ்வளவுதான், பஸ்ஸப் பாத்து நடக்க வேண்டியது. அவன் வர்றதப் பாத்தா மலை மாதிரி ஆளுங்க கக்கூசுல போய் ஒளிஞ்சுக்குவானுங்க.

— நீங்களுமா?

— கதவு சின்னது தாயி, நான் நொழைய முடியல. எனக்கு நேரா நின்னவன் ஒவ்வொரு தடவயும் நான் கெளம்புறதுக்கு முந்தியே என்ன மறிச்சான். அன்னைக்கு என் தோளத் தொட்டுருவாங்கன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. அப்ப அவன் பல்லுறையக் கடிச்சுக்கிட்டே முணுமுணுத்தான், “தம்பி, நீ பாயப் போறத நீயே சொல்லிட்டு வர்ற”ன்னு. எப்படிச் சொல்றேன்னும் சொன்னான்.

— எப்படியாம்?

— வெர்லி, அது எனக்கும் அந்த மனுசனுக்கும் ஆண்டவருக்கும் தெரிஞ்ச சங்கதி. வெளிய சொன்னா என் பொழப்பு போயிடும்னு அப்ப வாயக் கட்டுனேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. ஆனா திருத்திக்கிட்டேன். மத்தியானம் அவனயே தாண்டுனேன். சாயங்காலம் தோளத் தொட்டாங்க. என் தோள இல்ல, அவன் தோள.

— ஐயோ.

— பேரு கேக்கல தாயி. அவன் மொகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு. தலக்கவசத்துக்குள்ள ரெண்டு கண்ணப் பாத்ததுதான். மறுநாள் அவன் நம்பர் சட்டய வேற ஒருத்தன் மாட்டிக்கிட்டு நின்னான். அந்த மனுசன எங்கன்னு தேட? அதான், எதிர்ல எவன் இப்படித் தன்னக் காட்டிக் குடுத்தாலும் ஆட்டம் முடியிறப்ப அவன் காதுல ஒரு வார்த்த போட்டுருவேன். திட்டுனவன் உண்டு, துப்புனவன் உண்டு. ஒங்கப்பன் ஒருத்தன்தான் சிரிச்சான். என்னயே ஒரு நொடி பாத்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சுட்டு, என் கவசத்து மேல ஒரு தட்டு தட்டிட்டுப் போனான். ஏன் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

— அப்போ டிசம்பர்ல அப்பா உங்களை...

— நெசமாவே அடக்குனான். நகத்தத்தான் நான் சொன்னேன். நெஞ்சு அவனோடது, காலு அவனோடது, வைராக்கியம் அவனோடது. பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன். நாளைக்குத் தல நிமிந்து சொல்லு. நானும் வர்றேன். இந்த விரல ஒங்க சித்தப்பன் மூக்குக்கு நேரா நீட்டுறேன். எந்தப் பக்கம் போவுதுன்னு அவரே பாக்கட்டும்.

— நானும் வர்றேம்மா. ஒரு அண்டா சிவப்பு பீன்ஸ் ஆக்கி எடுத்தாறேன். மிசிசிப்பிக்காரங்களுக்கு அது வராது.

— வாங்க. ரெண்டு பேரும் கட்டாயம் வாங்க... ஐயா, ஒரு நிமிஷம். வந்ததும் நான் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அப்பா சொன்ன பதிலைச் சொல்லவே இல்லியே.

— ஆமா, அத விட்டுட்டோமே. என் காலுல என்னத்தப் பாத்தானாம்?

— அது நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. மர ஆலை வேலைக்குப் போயிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உங்க ஆட்டத்தை மட்டும் விடவே மாட்டார். அன்னிக்கு அவர் சொன்னது எனக்கு ஒண்ணும் விளங்கல ஐயா. இப்போ நீங்க பேசப் பேச...

— சொல்லு தாயி.

— “இடது குதிகாலைத் தூக்காம நிக்கிறானான்னு பாக்குறேன் கண்ணு”ன்னார். “பஸ் ஏறுன அன்னிக்கு அவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.”