தூக்கி இழுக்க வேண்டும்

சமையலறையில் ஒரு டிராயர் கெட்டுப்போனால் வீட்டில் நிம்மதியே போய்விடும் ஐயா. எங்கள் வீட்டில் கரண்டி போடும் மேல் டிராயர், ஒருநாள் அடிப்பலகை கழன்று என் மனைவியின் காலில் கொட்டியது. தச்சரைக் கூப்பிடலாம் என்றாள். எதற்கு, நானே செய்கிறேன் என்றேன். அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார்.

"அவரா? ஆணி அடிக்கச் சொன்னா விரலை அடிச்சுக்கிட்டு வந்து நிப்பாரு."

எங்களோடுதான் இருந்தார். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவருக்குப் பழக்கம் விடுமா? நான் காய் நறுக்கினால் பெரிசு, வண்டி நிறுத்தினால் கோணல். பெரியவர், போகட்டும் என்று சிரித்து வைப்பேன். என்னைப் போலப் பொறுமைசாலி கிடையாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். புதுப் பலகை உட்காராமல் முரண்டு பிடித்தது. "அலமாரியே கோணல்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் நாற்காலியில் இருந்தபடியே. என் மகள்கூடச் சிரித்துவிட்டாள். எனக்கு வலித்தது, அதை மறைப்பானேன்.

ஆனாலும் வேலை அருமையாக வந்தது. பசை, திருகாணி எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு சங்கதி, முன்விளிம்பு சட்டத்தில் லேசாக இடித்தது. நேராக இழுத்தால் அசையாது. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். மனைவிக்கும் மகளுக்கும் செய்து காட்டினேன். இரண்டே நாளில் அவர்கள் கை தானாகத் தூக்கப் பழகிவிட்டது. அப்படி ஒரு சூட்சுமம் இருப்பதையே மறந்துவிட்டார்கள். மாமனாரோ, "அந்த டிராயர்ல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். கை வைக்காதவருக்கு எதற்குக் காட்ட வேண்டும்? இரண்டு இழைப்பு இழைத்திருந்தால் அந்த இடிப்பும் போயிருக்கும். பக்கத்து வீட்டில் இழைப்புளிகூட வாங்கி வைத்திருந்தேன். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. வந்தால் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தாக வேண்டும். டப்பா ஜன்னலோரம் கிடந்தது. மாத்திரையில் வெயில் படலாமா? நான்தான் எடுத்து டிராயருக்குள் வைத்தேன். "மாமா, மாத்திரை மேல் டிராயர்ல இருக்கு" என்று மனைவி எதிரிலேயே சொல்லவும் செய்தேன். சொல்லாமல் மாற்றினேன் என்று ஒருத்தரும் பேச முடியாது.

நேற்று சாயங்காலம் மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சைப் பிடித்தபடி சமையலறைக்குள் போனார். டிராயரை இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளே கரண்டிகள் குலுங்கின. நான் போட்ட திருகாணி ஒன்றுகூட அசையவில்லை, வேலை அவ்வளவு உறுதி.

"தூக்கி இழுங்க மாமா" என்றால் போதும். தெரியாமல் இல்லை. ஆனால் கேட்காதவருக்கு வலியப் போய்ச் சொன்னால் அதற்கும் ஒரு குத்தல் வரும். கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கேட்க இதமாக இருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.