மரகதவல்லி அக்கா கொட்டிய தண்ணீர்

கடிகாரத்தப் பாக்காதீங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி விட்டுருவேன்... ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிக்கிறேன்.

நம்ம மலைக்கு மேல சோலைக்காட்டுல ஒரு ஈ இருக்கு. ஈன்னதும் மூஞ்சியச் சுளிக்கிறீங்க பாருங்க... இது சோத்துல வந்து உக்கார்ற ஈ இல்லீங்க. பாக்கத் தேனீ மாதிரி இருக்கும், கொட்டாது. அந்தரத்துல ஒரே இடத்துல நிக்கும். பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும். வால் வச்ச அதோட புழு எங்க வளருது? பட்டுப்போன மரத்துப் பொந்துல தேங்குற மழைத்தண்ணியில. பட்ட மரத்தையெல்லாம் நாம விறகாக்கிட்டோம். ஈ எங்க போகும்?

நிர்மல்னு ஒரு தம்பி, பூச்சி ஆராய்ச்சி பண்றவரு. மூணு வருஷம் நாயா அலைஞ்சு, அந்தப் புழு இருக்குற அடிமரம் ஒண்ணு கண்டுபிடிச்சாரு. ஒண்ணே ஒண்ணு...

அந்த நேரம் பாத்துப் பக்கத்துக் குடியிருப்புல டெங்கு. கொசு ஒழிப்பு வேலைக்கு மரகதவல்லி அக்கா வந்தாங்க. சிரட்டை, டயர், ஓட்டைக் குடம்... எதுல தண்ணி நின்னாலும் கவுத்திருவாங்க. ஓரமா நின்ன அந்த அடிமரத்தையும் விடல. நீளக் கரண்டிய விட்டு மொண்டு மொண்டு கீழ ஊத்திட்டாங்க.

மத்தியானம் தம்பி வந்தாரு. அக்கா பெருமையா சொல்றாங்க: "தம்பி, அந்தப் பொந்தையும் சுத்தம் பண்ணிட்டேன். வால் வச்ச புழுவெல்லாம் கெடந்துச்சு."

தம்பி அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நானா இருந்தா என்ன பேசியிருப்பேன்னு இந்த மேடையில சொல்ல முடியாது. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"எந்தப் பக்கம் ஊத்துனீங்க அக்கா?"

அது அழிஞ்சுட்டு வர்ற ஈயோட புழுன்னு கேட்டதும் அக்கா ஊத்துன இடத்தக் காட்டினாங்க. அங்கயே மண்டி போட்டாங்க. ஈரச் சருகுல தம்பி தேடினா மண்ணுதான் வருது. அக்கா தேடினா புழு வருது... பதினோரு வருஷமா தண்ணியில புழு பாத்த கண்ணுங்க அது! ஏழு உசுரு கிடைச்சுது.

பெயிண்ட் வாளியில மரத்தூளும் மழைத்தண்ணியும் விட்டு, கொசு போகாம வலை கட்டி, அக்காவே வளத்தாங்க. அஞ்சாம் மாசம் முதல் ஈ வெளிய வந்து அக்கா கையில உக்காந்துச்சு. இன்னைக்குச் சோலையில அந்த மாதிரி நாப்பது வாளி இருக்கு.

அக்கா எங்கிட்ட சொன்னாங்க: "அன்னைக்குத் தம்பி திட்டியிருந்தா, நான் அழுதுக்கிட்டே மலை எறங்கியிருப்பேன் ஐயா."

கேட்டீங்களா? நல்லது நெனச்சுத் தப்புப் பண்ணினவங்கள நாம என்ன கேக்குறோம்? "அறிவிருக்கா"ன்னு கேக்குறோம். அவங்க போயிடுறாங்க... ஏழு உசுரும் சருகோட காயுது. தப்புப் பண்ணின கைக்குத்தான், அன்பானவங்களே, அதச் சரிபண்ணவும் தெரியும். போக விடாம நிக்க வச்சு, "எந்தப் பக்கம் ஊத்துனீங்க"ன்னு கேளுங்க.

அக்கா அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. நம்ம பிள்ளைங்கள டெங்குலருந்து காத்ததுக்கு ஒரு நன்றி... அந்த ஈயக் காத்ததுக்கு ஒரு நன்றி. ரெண்டையும் எழுந்து நின்னு சொல்லுவோமா?