நாலு புரோகிராமுக்கும் ஒரே சன்னல்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் தோட்டக்காரர் சங்கத் தலைவர் முத்துராமலிங்கம் ஐயா அவர்களே! கம்பம் சந்தையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே! வாய்க்காலில் இறங்கி, நனைந்த சேலையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! தேனியிலிருந்து புது புரோகிராமோடு வந்திருக்கும் தம்பி ஸ்டான்லி அவர்களே! சங்கத்துச் செயலாளர் ராக்கம்மாளின் வணக்கம்.

குத்துவிளக்கு ஏற்றச் சொன்னாக, ஏற்றினேன். கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கித் தொடங்கி வைக்கச் சொல்லுறாக. அதற்கு முன் ஒரு வார்த்தை.

"ஒரு வார்த்தையா, ஒரு மணி நேரமா?" ஏலே ஒச்சாண்டி! உன் கலியாணத்தில் மாமனாருக்கு முன்னால் நீ பந்தியில் உட்கார்ந்ததையே நான் மறக்கவில்லை. பேசாமல் இரு!

நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. இங்கிலீசு எழுத்து தெரியாது. எனக்குத் தெரிந்தது இடம்! எந்தத் திராட்சைக் கொடி எந்தக் கல்தூணில் ஏறியது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அதை நம்பித்தான் கம்ப்யூட்டரும் பழகினேன். ஃபைலை எடுக்கப் போனால் திரையில் ஒரு சன்னல் திறக்கும், உள்ளே ஃபைலெல்லாம் வரிசையாக நிற்கும். படம் பார்க்கிற புரோகிராமில் புதுசு மேலே முதலாவது, 'சரி' வலக்கைப் பக்கம். மனசில் பதித்துக்கொண்டேன்.

போன ஐப்பசி பதினேழு. வாய்க்கால் பாலம் இடிந்தது. நம் சங்கத்து ஜக்கம்மா படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அனுப்ப உட்கார்ந்தேன். மனு அனுப்புகிற புரோகிராமிலும் ஒரு சன்னல் திறந்தது. படமே தெரியவில்லை, வெறும் எழுத்து. மேலே முதலாவதை எடுத்தேன். அங்கன பழசு மேலே, புதுசு கீழே என்று எனக்கு யார் சொன்னாக?

போனது எந்தப் படம்? இதே பாலம்தான்! ஆறு வருசம் முந்தி, திறப்பு விழா அன்றைக்கு! ரெண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் தோரணம், கையில் கேசரியோடு நம் தலைவர்! சிரிக்காதீக ஐயா, படத்தில் பெரிதாக விழுந்திருப்பதே நீங்கதான். பதில் வந்தது: 'பாலம் நல்ல நிலையில் உள்ளது. மனு முடிக்கப்பட்டது.'

முடிந்தது மனு, முறிந்தது முனீஸ்வரி கால்! கூடையோடு வாய்க்காலில் இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். அதோ, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். "விடுங்க மதினி, எல்லாரும் பாக்குறாக." பாக்கட்டும் ஆத்தா! பாக்கத்தானே சொல்லுறேன்!

அன்றைக்கே தேனி போனேன், இந்தப் புரோகிராமெல்லாம் செய்து கொடுத்த கடைக்கு. நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் டீ கிளாஸ். தம்பி ஸ்டான்லி என்ன சொன்னாக? "ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு மாதிரிதான் பாட்டிம்மா. படிச்ச ஆளை வச்சு அனுப்புங்க." இந்தக் காதில் வாங்கியதை அந்தக் காதில் இன்னும் விடவில்லை தம்பி! படித்த ஆளையும் வைத்தோம். பட்டம் வாங்கிய சுருளிராஜன் வந்து, வலக்கைப் பக்கம் இருந்ததை 'சரி' என்று நினைத்து 'ரத்து' பொத்தானை மூணு தரம் அமுக்கினார். அவரும் ரெண்டாம் வகுப்பா?

குமுளி மலையேறும் பஸ்ஸில், ஒரு வண்டிக்கு பிரேக் இடது, ஒரு வண்டிக்கு வலது, இன்னொன்றுக்குத் தலைக்கு மேலே என்றால் ஏறுவீகளா? வளைவில் வண்டி உருண்டால் டிரைவரைப் படித்துவிட்டு வா என்பீகளா? வண்டி செய்தவன் சட்டையைப் பிடிப்பீகளா?

பிடிக்கிறேன்! எழுத ஒரு சன்னல், படத்துக்கு ஒரு சன்னல், மனுவுக்கு ஒரு சன்னல். இன்றைக்கு வந்தது நாலாவது சன்னல்! காலையிலேயே திறந்து பார்த்துவிட்டேன் தம்பி, அதுவும் வேற மாதிரி. கம்ப்யூட்டரே தன்னிடம் ஒரு சன்னல் வைத்திருக்கிறதாமே? எல்லா புரோகிராமும் அதையே திறக்கலாமாமே? சொன்னது யார் என்று கேட்காதீக. உங்க கடைக்குள்ளேயே மனச்சாட்சி உள்ளவுக இருக்காக!

எங்கள் கண் மாறவில்லை, எங்கள் கை மாறவில்லை. மாறவேண்டியது உங்கள் சன்னல்! ஒரே சன்னல்! ஒரே வரிசை! ஒரே பக்கம் 'சரி'! அதுவரைக்கும் இந்த விரல் அந்தப் பொத்தானில் படாது!

மனுவா? நாளைக்குத் தாளில் எழுதி, முனீஸ்வரியை ஜீப்பில் ஏற்றி நேரிலேயே போகிறோம். இடிந்த பாலத்தின் படம் இந்தா, என் இடுப்பில் இருக்கிறது. நானே எடுத்து கலெக்டர் மேசையில் வைப்பேன்.

வெயிலில் இருந்து கேட்டீக, நன்றி. வாய்க்காலில் பார்த்து இறங்கிப் போங்க தாய்மார்களே. தம்பி ஸ்டான்லி, நீங்களும் அதே வழியாகத்தான் போகவேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்க. வணக்கம்!