ஏழு மணி விளக்கு

"எங்கப்பா செத்த பெறகும் நாலு நாளு லைட் போட்டாரு" என்றார் முன் இருக்கையில் இருந்த பெண். அதற்குமேல் என்னால் செய்தித்தாளைப் படிக்க முடியவில்லை.

சிராங்கூன் சாலையில் நான் ஏறிய இரண்டடுக்குப் பேருந்தின் மேல்தட்டு அது. தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"தனியா இருந்தாரு. இந்த பஸ்லேர்ந்து பாத்தா அவரு வீட்டு சன்னல் தெரியும். லைட் எரிஞ்சா நல்லாருக்காருன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழமதான், பூச முடிஞ்சு மேல அவரு வீட்டுக்குப் போவேன். போன வாரம் போனா... செவ்வாக்கெழமையே போயிட்டாருன்னாரு டாக்டர்."

"அப்ப லைட்ட யாரு போட்டா?"

"தம்பி டைமர் மாட்டியிருந்தான். அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, சுவிட்சத் தடவித் தேடுவாரு. ஏழு மணிக்குத் தானா எரியும்."

பேருந்து வளைந்தது. எதிர் அடுக்குமாடி புளோக்கின் மூன்றாம் மாடியில் ஒரு சன்னல் சட்டென்று வெளிச்சமானது.

"ஐயோ, இன்னும் கழட்டலையா?" என்றாள் இளையவள். பிறகு கோபமாக, "டைமர் மாட்டுனத உங்க தம்பி ஒங்ககிட்ட சொல்லவே இல்லையாக்கா?"

மூத்தவர் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னான் லா. மாட்டுன அன்னிக்கே சொன்னான். மூணாம் மாடியில லிப்ட் நிக்காது. வேல முடிஞ்சு வந்து யாரு படியேறுறதுன்னு, லைட்டயே பாத்துக்கிட்டு போயிட்டேன்."