தொட்டிச் செவரும் நத்தைகளும்

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர். ஒருத்திக்குத் தலை நரைத்திருந்தது. மற்றவள்தான் கேட்டாள்:

"அக்கா, தண்ணித் தொட்டி நத்தை பாசியத்தானே திங்கும்? சிமெண்டத் திங்காதே?"

"பாசிதான். அழுகுன எலையையும் திங்கும். ஏன்?"

"நம்ம லயத்து வரிசை வீடுங்களுக்குத் தொட்டி கட்டுனப்போ, காயாத சிமெண்டுல எங்க பாப்பா கைய வச்சுட்டாள்ல."

"ஆமா. அப்ப அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது."

"காய்ச்சல்ல அவ போனதுக்கப்புறம் என்னால அதப் பாக்க முடியல. அந்தச் செவர மட்டும் தேய்க்காதீங்கன்னு சொல்லி வச்சேன். பாசி மூடிருச்சு."

"அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் தொடுறதில்ல."

"இந்த மழைக்கு நத்தைங்க நெறைய வந்து பாசிய சுத்தமா மேஞ்சிருச்சுங்க. நேத்து தண்ணி அள்ளப் போனா, கை தெரியுது."

"வச்ச கை அங்கதானே இருக்கும்."

"அது சின்னக் கைக்கா. இப்பப் பெருசா இருக்கு."

"நத்தை சுரண்டிச் சுரண்டி ஓரம் கரைஞ்சிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். என் கைய வச்சுப் பாத்தேன். வெரலுக்கு வெரல் சரியா இருக்கு. இருந்திருந்தா இந்நேரம் என் ஒசரம் வந்திருப்பா."

கொட்டகலையில் நரைத்தவள் முதலில் இறங்கினாள். மற்றவள் வாசலில் ஒதுங்கி, பின்னால் யாரும் இல்லாதபோதும் இன்னொருவர் இறங்க வழி விடுவதைப் போலக் கொஞ்சம் நின்றாள். பிறகுதான் இறங்கினாள்.