சரிந்தாலும் விழாத மேடை

நூற்றைம்பதாம் ஆண்டு விழாவின் தலைவர், சரிந்த மேடையிலும் நிமிர்ந்தே அமர்ந்திருக்கும் அர்காதி ல்வோவிச் அவர்களே! காலால் காவியம் படைத்து, இன்று கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மூத்த கலைஞர்களே! பெற்ற பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, முட்டைக்கோசு சூப்போடு பின்வாசலில் பனியில் நின்ற தாய்மார்களே! தச்சன் எபீமின் தலைதாழ்ந்த வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் இந்த ஓஸெர்கி பாலே குழுவுக்கு ஜார் மன்னர் வந்த கதையைச் சொன்னார்கள். வந்தார், கொட்டாவி விட்டார், போனார்! புரட்சி வந்தது, வாயிலில் இருந்த ஜாரின் கழுகுச் சின்னத்தைக் கழற்றி அரிவாள் சுத்தியலை மாட்டினார்கள். பிறகு அதையும் கழற்றிக் கழுகையே மாட்டினார்கள். அப்போதெல்லாம் ஏணியைப் பிடித்தது யார்? என் தாத்தா, என் அப்பா, நான்! கொடி மாறியது, கொள்கை மாறியது, கொட்டாவி விடும் ஆட்களும் மாறினார்கள். மாறாதது எது? பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்த இந்தச் சரிவு!

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், உரால் பக்கம் ஒரு டிராக்டர் ஆலையில் ஆடப் போனோம். உணவுக்கூடத்தில் பலகை மேடை. துளிச் சரிவும் இல்லாமல், மட்டமென்றால் அப்படியொரு மட்டம்! பிறந்ததிலிருந்து சரிவில் உடம்பைப் பின்னால் சாய்த்தே ஆடிப் பழகிய நம் பதினாறு தேவதைகளும் ஒத்திகையில் பின்பக்கமாகவே நகர்ந்து, திரையோடு போய்ச் சுருண்டு விழுந்தார்கள். முன்வரிசையில் இருக்கிறாளே தைசியா, அன்று அவளுடைய முதல் தனி ஆட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உட்கார்ந்தாள். தைசியா, தலையில் அடித்துக்கொள்ளாதே, ஊரறிந்த கதைதானே!

குழு இயக்குநர் வந்தார். “சாயங்காலமும் விழுந்தேன்னு வை, இனி உனக்குத் தனி ஆட்டமே கிடையாது.”

அவள் என்னிடம் ஓடி வந்தாள். “எபீம் மாமா, தரையிலதான் ஏதோ கோளாறு. சத்தியமா என் கால்ல இல்ல!”

“அழாதம்மா. தரையில கோளாறே இல்ல. அதான் கோளாறு!”

என்ன செய்வேன்? மேடையின் பின்கால்களை உருவிவிட்டு, அவற்றைவிட ஒரு சாண் உயரமான கோசு ஊறுகாய்ப் பீப்பாய்களை அடியில் கொடுத்தேன். சமையல்காரி பெலகேயா கரண்டியோடு வந்து நின்றாள். “ஒண்ணு உடைஞ்சாலும் உன்னையே உப்புப் போட்டு ஊறவச்சிடுவேன், தெரிஞ்சுக்கோ!”

மாலையில் தைசியா சுழன்றாள். இருபதாவது சுற்றில் ஒரு பீப்பாய் வெடித்தது! உப்புத் தண்ணீர் முன்வரிசைக் காலணிகளுக்குள் புகுந்தது. ஒரு கொல்லன் எழுந்து கத்தினான்: “விடாத மகளே, இன்னொரு சுத்து! கோசு போனாப் போகுது!” அவள் முப்பது சுற்றும் முடித்து, அடித்த ஆணி போல நின்றாள். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எந்த ஜாருக்குக் கிடைத்தது அந்த வாசனையோடு அந்த மரியாதை?

இன்று நம் தலைவர், இந்த மேடையை மட்டமாக்கும் ஆணையில் விழா முடிந்ததும் கையெழுத்திடப் போகிறார். வெளிநாட்டுக் குழுவினர் இங்கே தடுமாறுகிறார்களாம். தடுமாறட்டுமே! நாம் உராலில் உருளவில்லையா? மேடையில் கடைசி வரிசையில் நிற்கும் பெண்ணின் முகமும் கடைசி டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரிய வேண்டும் என்றல்லவா இந்தச் சரிவை வைத்தான் முதல் தச்சன்? மட்டமாக்கினால் யாருக்கு யார் தெரிவார்?

என்ன சிரிப்பு அங்கே? ஓ! தலைவரின் பேனா மேசையிலிருந்து உருண்டு விழுந்துவிட்டதா? பிடிக்காதீர்கள் ஐயா, அதன் போக்கில் விடுங்கள். பாருங்கள், உங்களைத் தாண்டி, என்னைத் தாண்டி, விளிம்பையும் தாண்டி... தைசியாவின் மடியில்!

கண்டீர்களா பெரியோர்களே? இந்த மேடையில் எதை வைத்தாலும் அது மக்களிடம்தான் போய்ச் சேரும். தைசியா, பேனாவைக் கொடுத்துவிடாதே! அர்காதி ல்வோவிச், வேண்டுமென்றால் நீங்களே கீழே இறங்கி, ஆடியவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, பார்த்து இறங்குங்கள். சரிவு இன்னும் இருக்கிறது.